செவலை எந்தப் பக்கம் போச்சு?

கூம்பு ஸ்பீக்கர் முதலில் 'கீங்...' என்று ஒரு கத்து கத்தும். பிறகுதான் குரல் வரும். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேர் என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தக் கத்தல்தான்... தேர்கூட அப்புறம்தான்.

எண்பதுகளின் கடைசி. பி.ஏ. முடித்துவிட்டு ராஜபாளையத்தில் வெட்டியாகச் சுற்றிக்கொண்டிருந்தேன். மாமா மைக் செட் வாடகைக்கு விடுகிறவர். "சும்மாதானல இருக்க? வந்து அறிவிப்பு எழுதிக் குடு" என்றார். நான் எழுத வேண்டும், அவர் வாசிப்பார். எழுத்து சம்பந்தமாக எனக்குக் கிடைத்த முதல் வேலை அது.

நான் எழுதியதெல்லாம் பரீட்சைத் தமிழ்.

தேரன்று மத்தியானம் வத்திராயிருப்புப் பக்கத்து அம்மா ஒருவர் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தார். வீட்டுக்காரரைக் காணவில்லை.

"பேரென்னம்மா?"

"மலை மேல நிக்காருல்ல பெருமாளு... அவரு பேரு."

ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்திலேயே திருவண்ணாமலை என்று ஒரு குன்று உண்டு, அங்கே இருக்கிற பெருமாள். சரி, சீனிவாசன். 'திரு. சீனிவாசன் அவர்கள் எங்கிருந்தாலும் உடனடியாக ஒலிபெருக்கி நிலையத்திற்கு வரவும்' என்று எழுதிக் கொடுத்தேன். மாமா கணீரென்று வாசித்தார்.

நாலு சீனிவாசன் வந்து நின்றார்கள்! அந்தம்மா ஒவ்வொருவராகப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

அப்புறம்தான் மெல்லச் சொன்னார். "அவியளுக்குக் கொஞ்ச நாளா நெனவு தப்பிப் போகுதுய்யா. பேரச் சொன்னா வேற யாரையோ கூப்பிடுதாகன்னு இருந்துருவாக." குரல் உடைந்துவிட்டது. "கால் போன போக்குல போயிருவாகய்யா. பொழுது சாஞ்சா நான் எங்கன போயித் தேடுவேன்?"

எனக்கும் பயம் வந்துவிட்டது. பேனாவைக் கீழே வைத்தேன்.

"என்ன சொன்னா உடனே ஓடி வருவாரு?"

யோசிக்கவே இல்லை. "செவலை கயித்த அத்துக்கிட்டுப் போச்சுன்னா ஓடியாருவாக."

"பசுமாடா? இப்ப வீட்டுல நிக்குதா?"

"அத வித்து ரெண்டு வருசமாச்சு. அவியளுக்குத்தான் அது தெரியாது."

எழுதிக் கொடுத்தேன். 'செவலை கயித்த அத்துக்கிட்டுப் போகுது. மைக்குக்காரன்கிட்ட வந்து கேளுங்க.'

மாமா முறைத்தார். "ஏலே, தேரன்னைக்கு மாட்டப் பத்தியா வாசிக்கச் சொல்லுத?"

"வாசிங்க மாமா."

வாசித்தார். கூட்டம் சிரித்தது... செத்த நேரத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு பெரியவர் மூச்சு வாங்க வந்து நின்றார்.

"எந்தப் பக்கம் போச்சு?"

அந்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கையைப் பிடித்தார். "நம்ம வீட்டுப் பக்கந்தான். வாங்க, போயிப் பிடிப்போம்."

இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்கள்.

இப்போது ஃப்ரீலான்ஸ் எழுத்துதான் பிழைப்பு. என்ன எழுத வேண்டும் என்று கிளையண்ட் அனுப்புகிற பிரீஃபில் 'டார்கெட் ஆடியன்ஸ்' என்று வயது, ஊர், வருமானம் எல்லாம் இருக்கும். முழுவதும் படித்துவிட்டு, போன் போட்டு ஒன்றே ஒன்று கேட்பேன். "இதைப் படிக்கப்போற ஒரு ஆளைச் சொல்லுங்க. எதைக் காணோம்னா அவர் ஓடி வருவாரு?" சிலர் சிரிப்பார்கள். சிலர், "அதெல்லாம் எதுக்கு சார்?" என்பார்கள்.

எழுதி அனுப்பினால் 'நைஸ்' என்று மெயில் வரும்... கட்டைவிரல் படமும் வரும். போகட்டும், குறை சொல்லவில்லை.

ஆனால் நான் எழுதியதைக் கேட்டுவிட்டு மூச்சு வாங்க ஓடிவந்து, 'எந்தப் பக்கம் போச்சு?' என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டவர் இதுவரைக்கும் அவர் ஒருவர்தான்.