மூன்றாவது கட்டத்தில் போட்ட அறுபது

எனக்கு இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். அர்த்தம் பாதிதான் தெரியும். ஏழாம் வகுப்போடு நின்றவன். ஓட்டல், கப்பல் உடைக்கும் யார்டு, லிஃப்ட் ரிப்பேர் என்று சுற்றிவிட்டு, நாற்பது வயதில் மாடிகளில் சோலார் பலகை மாட்டும் வேலைக்கு வந்தேன். போன் ஆப்பில் பேட்டரியை செட் செய்வதை எழுத்தைப் பார்த்துக் கற்கவில்லை, இடத்தைப் பார்த்துக் கற்றேன். முதல் கட்டம், எப்போது சார்ஜ் ஏற வேண்டும். இரண்டாவது, எப்போது கரண்டை வெளியே விற்க வேண்டும். மூன்றாவது, விற்காமல் எத்தனை சதவீதம் மிச்சம் வைக்க வேண்டும்.

செம்பூரில் ஒரு பழைய தனி வீட்டில் அப்படி செட் செய்து கொடுத்திருந்தேன். ரிட்டயர்டு டீச்சரும் அவர் கணவரும் மட்டும். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். சாருக்கு நுரையீரல் கெட்டுவிட்டது. ஆக்ஸிஜன் மெஷின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பகலில் கரண்ட் ரேட் குறைவு, சாயங்காலம் ஏறும். பகல் வெயிலைப் பேட்டரியில் பிடித்து, சாயங்காலம் வீட்டுக்குப் போக மீதியை விற்றோம். லைட் பில் இறங்கியதில் டீச்சருக்கு ஒரே சந்தோஷம். அந்தத் தெம்பில்தான், கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற ஆக்ஸிஜன் சிலிண்டரை, "பேட்டரி இருக்கும்போது இது எதுக்கு டீச்சர்?" என்று நானே தூக்கிப்போய்க் கோவண்டிக் கடையில் திருப்பிக் கொடுத்தேன்.

அது ஜூலை. காலையெல்லாம் நல்ல வெயில், மூன்று மணிக்குப் பிறகு மழை பிடித்துக்கொண்டது. ஆறே முக்காலுக்கு நான் சீத்தா கேம்ப்பில் என் அறையில் இருந்தபோது டீச்சர் கூப்பிட்டார்.

"ஏல, தெரு பூரா லைட் போச்சு. மெஷின் ஓடுது. ஆனா ஒன் பேட்டரிப் பெட்டில செவப்பு மின்னுது. அது எதுக்கு?"

சிவப்பு மின்னவே கூடாது. மூன்று மணிக்குப் பேட்டரி நிறைந்திருந்ததை நானே பார்த்தேன். ஆப்பைத் திறந்தால் ஒன்பது சதவீதம் என்று காட்டியது. மழைக்காலம் என்று முந்தின நாள் நான் மூன்றாவது கட்டத்தில் போட்ட அறுபது அப்படியே இருந்தது. ஆனால் அதற்குக் கீழே நான்காவதாக ஒரு கட்டம். அதில் பத்து.

ஆப்பை அந்த வாரம்தான் புதுப்பித்திருந்தார்கள். நடுவில் ஒரு கட்டத்தை நுழைத்திருக்கிறார்கள். நான் போட்ட அறுபது வேறெதற்கோ போய்விட்டது. மிச்சம் வைக்கும் அளவு நான்காவதுக்கு இறங்கி, பழைய பத்திலேயே நின்றிருக்கிறது. ஐந்து மணியிலிருந்து மீதி எல்லாவற்றையும் நல்ல ரேட்டுக்கு விற்றிருக்கிறது.

கப்பல் யார்டில் என் பக்கத்தில் நின்றவன் மேல் இரும்புத் தகடு விழுந்ததைப் பார்த்தவன் நான். அன்றைக்குக்கூட நான் இப்படிக் கத்தியதில்லை.

"டீச்சர், மெஷினைத் தவிர எல்லா ஸ்விட்சையும் அணைங்க. ஃபிரிட்ஜ், ஃபேன், எல்லாம்."

"ஃபேனுமா? அவியளுக்கு வேத்து ஊத்துதுல்லா?"

"அணைங்க டீச்சர்!"

மெஷின் மட்டும் என்றால் முக்கால் மணி நேரம் தாங்கலாம். தாங்காமலும் போகலாம். கிளம்பினேன். ஆட்டோ கோவண்டி வரைதான் வந்தது. சிலிண்டர் கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்.

"அரே பேட்டரிவாலா! சிலிண்டர் வேணாம்னு போனியே, இப்ப க்யா ஹுவா?"

"பாய், ஜல்தி குடு. ஆள் போயிடும்."

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. சிலிண்டரைத் தோளில் ஏற்றிவிட்டார். அதில் மாட்டும் மீட்டரையும் திருகும் சாவியையும் என் சட்டைப்பையில் திணித்தார். முழங்கால் தண்ணீரில் எந்த ஆட்டோவும் நிற்கவில்லை. நடந்தேன். ஒரு கடை வாசலில் போனில் ஆப்பைப் பார்த்தபோது நான்கு சதவீதம். அடுத்த முறை ஈரக் கைக்குப் போன் திறக்கவே இல்லை. மிச்சம் எவ்வளவு என்று தெரியாமலே மீதி வழியை நடந்தேன்.

தெரு முழுக்க இருட்டு. கேட்டைத் தொடும்போதே மெஷின் நின்றுபோனதைச் சொல்லும் நீளமான பீப் சத்தம் கேட்டது. சார் கட்டிலில் முன்பக்கம் குனிந்து, முழங்காலில் கையூன்றி, காற்றை விழுங்கிக்கொண்டிருந்தார். உதடு நீலம். டீச்சர் ஒரு கையில் டார்ச்சோடு, மறு கையால் பழைய காலண்டர் அட்டையை விசிறிக்கொண்டு, "யேசப்பா, யேசப்பா" என்றபடி நின்றார். மீட்டரை மாட்டினேன், ஈர விரல்களில் சாவி வழுக்கியது. டீச்சர்தான் டார்ச்சைக் கீழே போட்டுவிட்டு, சாவியைப் பிடுங்கித் திருகினார். உஸ் என்று காற்று வந்தது. மெஷினின் மாஸ்க்கை இதில் மாற்றி சாரின் முகத்தில் வைத்தார்.

சாரின் தோள் இறங்க வெகுநேரம் ஆனது.

"மதியத்துக்கு மேல வெயிலே இல்லல்லா. அதான் பேட்டரி நெறையல, என்னல?" என்றார் டீச்சர்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.

"நெறஞ்சுதான் இருந்துச்சு டீச்சர். நான் தப்பா போட்டுட்டேன். அது எல்லாத்தையும் வித்துருச்சு."

சார் மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கினார்.

"நல்ல ரேட்டாவது... கெடச்சுதால?"

"பேசாம மூச்ச விடுங்க!" என்று டீச்சர் அதட்டினார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "இனி இந்த சிலிண்டர எவனும் தொடப்படாது" என்றார்.

எட்டு மணிக்கு லைட் வந்தது. ரேட் கூடுதலான நேரம்தான். இருந்தும் விற்பதை அணைத்துவிட்டு, வெளிக் கரண்டிலேயே பேட்டரி ஏறும்படி மாற்றினேன். போனில் பேட்டரி எண் இருபதைத் தொடும்வரை வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். கட்டங்களை மேலிருந்து கீழே எண்ணினேன். நான்கு. மறுபடி எண்ணினேன்.