சனிக்கிழமை எண்ணெய்

என் கணவர் சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளிப்பவர். மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வந்த ஆண்டில் மோட்டார் சைக்கிள் வாங்கினார். அதற்கும் சனிக்கிழமை வைத்தார்.

அது பெட்ரோலோடு கறுப்பெண்ணெய் என்கிற இஞ்சின் எண்ணெயையும் கலந்து ஊற்ற வேண்டிய வண்டி. காஜா பெராங்கில் எங்கள் வீட்டுக்கு எதிரே பட்டறை வைத்திருந்த சீனர், பெட்ரோல் டாங்கியின் மூடியையே அளவாகக் காட்டி, "சுக்குப், சுக்குப்" என்றார். மலாயில் போதும் என்று பொருள். என் கணவருக்கு மலாய் நன்றாகத் தெரியும். இருந்தும் சனிக்கிழமைதோறும் இரண்டு மூடி கூடுதலாக ஊற்றினார்.

"நமக்கு எண்ணெய் வச்சா சூடு தணியுதுல்ல? அதுக்கும் அப்படித்தான்."

நான் அப்போது பிரசவம் பார்க்கும் தாதி. ஊரே என்னை மிஸ்ஸி என்று கூப்பிடும். பையை மடியில் வைத்துக்கொண்டு அந்த வண்டியின் பின்னால்தான் வீடு வீடாகப் போவேன். எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் யாரென்று எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. அவ்வளவு புகை.

ஒரு சனிக்கிழமை காலை கிளேபாங்கிலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்தார். மனைவிக்கு வலி எடுத்துவிட்டது. அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். முதல் பிரசவத்தில் யாரும் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை, பிள்ளை தங்கவில்லை. அதனால் இந்தத் தடவை நானே அவளிடம் சொல்லி வைத்திருந்தேன்: "மோட்டார் சத்தம் கேட்டுச்சுன்னா நான் வந்துட்டேன்னு நெனச்சுக்க." அவருடைய சைக்கிளிலேயே ஏறியிருக்கலாம். மோட்டார் இருக்கிறதே என்ற மிதப்பில், பின்னாலேயே வருகிறோம் என்று சொல்லி அவரை முன்னால் அனுப்பிவிட்டேன்.

என் கணவர் எண்ணெய்க் குளியல் முடித்திருந்தார். வண்டியும் முடித்திருந்தது.

பாதி வழியில் வேகம் குறைந்தது. மேடு ஒன்றும் இல்லை, தட்டையான கடற்கரைச் சாலை. ரொட்டிப் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்த பாய் எங்களை முந்திப் போனார். போகும்போது மரியாதையாகச் சிரித்தார். அடுத்த தென்னந்தோப்பு வருவதற்குள் வண்டி நின்றே விட்டது. என் கணவர் உதைத்தார், உதைத்தார், பிறகு அதைத் தடவிக் கொடுத்தார். எனக்கு வந்த கோபத்தில் அவரையும் வண்டியையும் சேர்த்துக் கடலில் தள்ளியிருப்பேன்.

"பாய்! கொஞ்சம் நில்லுங்க, பிரசவம்!" என்று கத்தினேன். அவர் ரொட்டிப் பெட்டியை அவிழ்த்து என் கணவரிடம் ஒப்படைத்துவிட்டு என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டார். ஊர் பார்த்தது. பார்க்கட்டும்.

நான் உள்ளே நுழைந்தபோது தலை தெரிந்தது. கழுத்தில் கொடி ஒரு சுற்றுச் சுற்றியிருந்தது. விரலை விட்டு எடுத்தேன். பெண் குழந்தை. நல்ல குரல். பிள்ளை அழுது ஓய்ந்த பிறகுதான் தாய் அழுதாள்.

"மோட்டார் சத்தம் வரவே இல்ல மிஸ்ஸி. நீங்க வரமாட்டீங்கன்னு நெனச்சு, முக்காம அடக்கிக்கிட்டே கெடந்தேன்."

நான் அவள் நெற்றியைத் துடைத்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. திரும்பும் வழியில் என் கணவர் ரொட்டிப் பெட்டிக்குக் காவலாக உட்கார்ந்திருந்தார். இரண்டு ரொட்டி குறைந்திருந்தது.

மறுநாள் பட்டறைச் சீனர் புகைக்குழாயைக் கழற்றிக் காட்டினார். சத்தத்தை அடக்க உள்ளே ஓட்டை போட்ட தகடு இருக்கிறது. எரியாத எண்ணெய் அதில் தாராகப் படிந்து எல்லா ஓட்டையையும் அடைத்திருந்தது. பழைய புகை வெளியே போனால்தான் புதுப் பெட்ரோல் உள்ளே வரும். அந்தத் தகட்டை நானே எங்கள் விறகடுப்பில் போட்டுக் கரியை எரித்து, சுரண்டி, தட்டிக் கொடுத்தேன். அன்று வீட்டில் சமையல் இல்லை. ஏன் என்று என் கணவர் கேட்கவில்லை. எண்ணெய் டின்னை என் மருந்துப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். அதன் பிறகு ஒரு மூடிதான், அதுவும் என் கையால். சில மாதத்துக்கு ஒருமுறை தகடு அடுப்புக்குப் போகும்.

இந்தக் காலத்து வண்டிகளின் குழாய்க்குள் தேன்கூடு மாதிரி ஒன்று இருக்கிறதாம். அதில் பூசிய விலை உயர்ந்த உலோகம், சூடேறியதும் நச்சுப் புகையைப் பெருமளவு நச்சில்லாததாக மாற்றுமாம். இஞ்சினில் எண்ணெய் எரிந்தாலோ, எரியாத பெட்ரோல் போய்ச் சேர்ந்தாலோ அதுவும் கெட்டுப்போகுமாம். அதை அடுப்பில் போட முடியாது, புதிதுதான் மாட்ட வேண்டும். இதைச் சொன்ன பட்டறைப் பையன் முன்னால் நான் என் கணவரை நினைத்துச் சிரித்துவிட்டேன்.

அந்தப் பிரசவம் முடிந்து இரண்டு வருடம் கழித்துக் கிளேபாங்கில் அதே வீட்டிலிருந்து ஆள் வந்தது. மோட்டாரில் போனோம். வண்டி நிற்கவில்லை. நான் பையோடு உள்ளே ஓடினேன். அவள் பாயில் படுத்தபடி என்னைப் பார்த்தாள்.

"முனையில திரும்பும்போதே கேட்டுச்சு மிஸ்ஸி," என்றாள்.