ஒரு பக்கம் மட்டும் காய்ந்த தோரணம்

அன்று ரூ பெர்தொனே என்ற தெருவில், தமிழ்ப் பலசரக்குக் கடையின் பின்பக்கத்து மேசையைச் சுற்றி இருந்தவர்கள் நாலு பேர்: நான், என் மனைவி, எங்கள் கொட்டிலைக் கட்டிய மேசன் அண்ணை, அவரை எங்களுக்குப் பிடித்துத் தந்த கடைக்காரர். வேறு ஒருவரும் இல்லை. பின்னால் யாராவது வந்து "நானும் அங்கை நிண்டனான், அப்பிடி ஒண்டும் கதைக்கேல்லை" என்று சொல்லக்கூடாது. அதற்காகவே இதை முதலில் எழுதி வைக்கிறேன்.

மேசையில் பால் விடாத நாலு பிளேன்ரீ. நடுவில் நான் வைத்த பிளாஸ்டிக் பை. பைக்குள் காய்ந்த மாவிலை.

எனக்கு அதே பகுதியில், லாச்சப்பலில், ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் வேலை. வீடு வாங்கியது ரயிலில் ஒன்றரை மணி நேரம் தள்ளி, எங்கள் சம்பளத்துக்கு வங்கி கடன் தரச் சம்மதித்த ஓர் ஊரில். பழைய சொந்தக்காரர் தோட்டத்தில் ஒரு விறகுச் சோடியேரை விட்டுவிட்டுப் போயிருந்தார். ஆள் உயர இரும்புப் பெட்டி. உள்ளே விறகு எரியும். சுற்றியுள்ள தண்ணீர் சூடாகி நிலத்துக்கடியால் குழாயில் போய் வீட்டைச் சூடாக்கும். வெளியில் நிற்கவென்றே செய்த சாமான்தான். ஆனால் கொட்டும் மழையில் ஒரு கையில் குடையும் மறு கையில் விறகுமாக எத்தனை நாளைக்கு நிற்பது? அதைச் சுற்றி ஒரு கொட்டில் போடுவதென்று முடிவெடுத்தோம். கொட்டிலில் தீப்பிடித்தால் அடுத்துப் பிடிப்பது பிள்ளைகள் படுக்கும் அறை. முடிவெடுத்த நாளிலிருந்து எனக்கு ஒழுங்கான நித்திரை இல்லை.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சோடியேரோடு கிடந்த புத்தகத்தின் பிரெஞ்சு எனக்கு ஓடாது. படம் மட்டும் விளங்கியது. புகைக்குழாய், பக்கத்தில் மரம், இரண்டுக்கும் நடுவில் ஓர் அம்புக்குறி, நாற்பது சென்டிமீட்டர். கீழே காற்று வர இரண்டு துவாரம். கொட்டிலுக்குள் அடுக்கிய விறகின் மேல் பெரிய சிவப்புக் குறுக்குக்கோடு. அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து மேசன் அண்ணைக்கு அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது. கட்டைவிரலை எப்படி நம்புவது?

தரைக்குக் கொங்கிறீற் போட்டார், சரி. துவாரம் விட்டார், அதுவும் சரி. ஆனால் குழாய் கூரையைத் துளைத்துப் போகும் இடத்தில், உள்பக்கமாகத் தாம்பாளம்போல ஒரு பெரிய வட்டத் தகட்டை அடித்து மூடிவிட்டார். தகட்டுக்குப் பின்னால் பலகை எங்கே நிற்கிறது என்று பார்க்க வழியில்லை. ஏணி கேட்டேன்.

"மேலை பாக்க ஒண்டும் இல்லை, தம்பி. நீர் கீழை நிண்டு விறகைப் போடும்."

ஒளிக்க ஒன்றும் இல்லாத மனிதர் ஏணியை ஏன் அவ்வளவு அவசரமாக வண்டியில் ஏற்றிக் கட்டவேண்டும்?

முதல் நெருப்பு மூட்ட நல்ல நேரம் பார்த்தோம். சனிக்கிழமை காலை. முதல் நாள் இதே கடையில் வாங்கிய மாவிலையை மனைவி தோரணமாகக் கட்டினாள். கதிரையில் ஏறி, ஒரு நுனிக்குப் பலகையில் ஆணி அடித்தாள். மறு நுனிக்குத் தகட்டில், குழாய்க்குக் கிட்ட அடித்தாள். நெருப்புக்கு மேலே இலை வேண்டாமே என்றேன்.

"நல்ல காரியத்திலையும் பேயைத் தேடுறியள்" என்றாள்.

கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, நெருப்பு மூட்டினோம். பின்னேரம் விறகு போடப் போனபோது நிமிர்ந்து பார்த்தேன். பலகைப் பக்கத்து இலைகள் பச்சையாகவே இருந்தன. தகட்டுப் பக்கத்து ஐந்து இலைகள் மண்ணிறமாகிச் சுருண்டிருந்தன. கதிரையில் ஏறித் தகட்டின் ஓரத்துப் பலகையில் கையை வைத்தேன். வைத்த கையை உடனே எடுத்தேன். அதன் பிறகு விறகு போடவில்லை. அந்தக் கிழமை முழுக்கப் பிள்ளைகள் ஜக்கெற்றோடு சாப்பிட்டார்கள்.

கடை மேசையில் இருந்த பைக்குள் மேசன் அண்ணை எட்டிப் பார்த்துச் சிரித்தார். "மாவிலை எண்டால் காயத்தானே செய்யும். இதைத் தூக்கிக்கொண்டே ரயிலேறி வந்தனீர்? உமக்குத் தேத்தண்ணி குடிக்கவும் காப்புறுதி வேணும்."

"ஒரு பக்கம் மட்டும் ஏன் காய்ஞ்சது, அண்ணை?"

"பழைய இலை. இவர் செவ்வாய்க்கிழமை வந்ததை வெள்ளிக்கிழமை விக்கிறவர்."

அதுவரை அவருக்காகத் தலையாட்டிக்கொண்டிருந்த கடைக்காரர் கோப்பையை டக்கென்று வைத்தார். "என்ரை இலையைப் பற்றிக் கதையாதை. உன்ரை தகட்டைப் பற்றிக் கதை."

அப்போதுதான் மனைவி வாய் திறந்தாள். "அண்ணை, அந்தத் தகட்டிலை, குழாய்க்குக் கிட்ட, ஆணி அடிச்சது நான். தகட்டாலை போய் உள்ளுக்கை இறுகிப் பிடிச்சது. பின்னாலை மரம் இல்லாமல் ஆணி எதைப் பிடிச்சது?"

இத்தனை நாளும் என்னை விசர் என்றவள். மேசன் அண்ணை தேத்தண்ணியைச் சும்மா கலக்கினார்.

"பலகையை அவ்வளவுக்கு வெட்டினால் கூரை வடிவில்லாமல் போகுமெண்டு... ஒரு சாண் இடம் விட்டனான்."

"ஒரு சாணே?" என்றார் கடைக்காரர்.

"அரைச் சாண்."

அந்த அரைச் சாணுக்கு இந்தப் பக்கம் என் பிள்ளைகள் படுத்திருந்தார்கள். நான் சத்தம் போடவில்லை. மிச்சக் காசு இப்போது இல்லை, வேலையைத் திருத்தின பிறகுதான் என்று மட்டும் சொன்னேன். கடைக்காரர் எனக்காகத் தலையாட்டினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேசன் அண்ணை வந்தார். வந்ததும் ஏணியைச் சாத்திவிட்டு, "ஏறும், ஐசே, நீரே பாரும்" என்றார். தகட்டைக் கழற்றியபோது பலகையின் விளிம்பு கருகத் தொடங்கியிருந்தது. பிறகு அவர் பலகையை வெட்டினார். என் சொந்த அளவுநாடாவால் நாலு பக்கமும் அளந்தேன். எங்கும் நாற்பத்திரண்டுக்குக் குறையவில்லை. அவருடைய நாடாவை நான் தொடவில்லை.

இப்போது புதுத் தோரணம் கட்டி, நெருப்பு மூட்டி நாலு நாள். கையைப் பலகையில் வைத்தால் வைத்தபடி இருக்கலாம். இலைகள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வாடுகின்றன. இருந்தாலும் ஒரு கிழமை முழுதாகப் போகட்டும். பேசின காசு மூவாயிரத்து இருநூறு. அதில் அதுவரைக்கும் கொடுக்காமல் பிடித்து வைத்திருப்பது முந்நூற்று ஐம்பது யூரோ.