போர்வை போட்ட ஷோகேஸ்

எனக்கு மறதி கிடையாது. பள்ளிக்கூடம் போன காலத்தில் பசறை பஸ்ஸில் என் காலை மிதித்துவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் இறங்கிப்போன கண்டக்டரை இன்றைக்குக் காட்டினாலும் அடையாளம் சொல்வேன். அப்படிப்பட்டவளின் அம்மாவை ஒருவன் ஒரு மூட்டை அரிசிக்கு அழுதவளாக ஊர் உலகத்துக்குக் காட்டினான். நான் சும்மா இருப்பேனா? நாலு வருஷம் காத்திருந்தேன்.

அவன் எங்கள் பதுளை மாவட்டத்துக்காரன்தான். யூடியூபில் சானல் வைத்திருந்தான். தேயிலைத் தோட்டம் தோட்டமாகப் போய், கஷ்டப்படுகிறவர்களைத் தேடிப் பிடித்து, உதவி கொடுத்து, கொடுப்பதை வீடியோ எடுத்துப் போடுவான். பின்னால் ஒரு புல்லாங்குழல் அழும். கனடாவிலும் லண்டனிலும் இருப்பவர்கள் அதைப் பார்த்து உருகி அவனுக்குப் பணம் அனுப்புவார்கள். அந்த வருஷம் அடித்த காற்றில் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில், எங்கள் காம்பராவின் அடுப்படித் தகரம் இரண்டு பறந்துபோயிருந்தது. யாரோ அவனுக்குச் சொல்லிவிட்டார்கள்.

அவன் வந்தபோது நான் பதுளையில் கம்ப்யூட்டர் வகுப்பில் இருந்தேன். சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தால், அது எங்கள் வீடு மாதிரியே இல்லை. டிவி பக்கத்து வீட்டில் இருந்தது. நாற்காலிகள் கோழிக்கூட்டுக்குப் பின்னால் கிடந்தன. சுவரோரம் நிற்கும் ஷோகேஸ் மேல் பழைய போர்வை ஒன்றைப் போட்டு மூடியிருந்தார்கள்.

"என்னாம்மா இது?"

"அந்தத் தம்பிதான் மூடச் சொன்னிச்சு. இதெல்லாம் தெரிஞ்சா பாக்குறவங்க ஒதவ மாட்டாங்களாம்."

அந்த ஷோகேஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அம்மா ஏழு வருஷம் குவைத்தில் வீட்டு வேலை செய்தார். அந்த ஏழு வருஷத்தில் எங்கள் கண்ணுக்குத் தெரிந்து மிஞ்சியது அந்த ஷோகேஸ்தான். உள்ளே தங்க விளிம்பு வைத்த ஆறு கோப்பைகள், ஒரு பிளாஸ்டிக் ஒட்டகம், நான் பள்ளிக்கூடத்தில் வாங்கிய இரண்டு கேடயங்கள். மேலே மாலை போட்ட அப்பாவின் படம். கோப்பைகளை மாதம் ஒரு தடவை வெளியே எடுத்துத் துடைத்துத் திரும்ப வைப்பார் அம்மா. வீட்டு ஆட்கள் யாரும் அதில் குடித்ததில்லை. விருந்தாளிகளுக்கு என்று சொல்வார். அந்தக் கோப்பையில் குடிக்கிற தகுதியுள்ள விருந்தாளி அதுவரை யாரும் வந்ததில்லை.

எல்லாவற்றையும் மூடியவர்கள் அப்பாவின் படத்தை மட்டும் மூடவில்லை. கேமராவுக்குத் தெரிகிற மாதிரி நகர்த்தி வைத்திருந்தார்கள்.

மூன்று நாளில் வீடியோ வந்தது. இருட்டு அடுப்படி, புகை, தகரம் இல்லாத கூரை. அவன் அரிசி மூட்டையை அம்மாவின் கையில் கொடுக்கிறான். அம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுகிறார். புல்லாங்குழல்.

பக்கத்து வீட்டு அக்காவின் போனில் அம்மா அதைக் கடைசி வரை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"நா அரிசிக்கா அழுதேன்?"

அப்பா செத்தது தேயிலை மலையில், குளவி கொட்டி. அப்போது அம்மா குவைத்தில். வேலை செய்த வீட்டுக்காரி லீவு தரவில்லை, பத்து நிமிஷம் போன் தந்தாள். அந்தப் பத்து நிமிஷத்தில், வீடியோ காலில், அப்பாவின் வீங்கிய முகத்தைப் பார்த்துவிட்டு அம்மா திரும்பப் போய்ப் பாத்திரம் கழுவினார். இதை அம்மா என்னிடமே ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறார். வீடியோ எடுக்க வந்தவன் "அப்பா எப்படிம்மா தவறுனாரு?" என்று கேட்டிருக்கிறான். அம்மா சொல்லியிருக்கிறார். அழுதிருக்கிறார். அரிசி மூட்டை வந்தது அதற்கெல்லாம் பிறகு. அவன் கேள்வியையும் வெட்டினான், பதிலையும் வெட்டினான், என் அப்பாவையும் வெட்டினான். அழுகையை மட்டும் எடுத்து அரிசிக்குப் பக்கத்தில் ஒட்டினான்.

 

அதன் பிறகு கொழுந்து நிறுக்கும் இடத்தில் அம்மாவுக்கு 'அரிசியம்மா' என்று பெயர் விழுந்தது. யாரும் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் கூப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பசறைச் சந்தைக்குப் போவதை அம்மா நிறுத்திவிட்டார். பதுளை வகுப்பில் ஒருத்தி அந்த வீடியோவை எனக்கே அனுப்பி, "பாவம்டி, உங்க பக்கத்து எஸ்டேட்டா?" என்று கேட்டாள். அவனுக்கு எழுதினேன், வீடியோவை எடுக்கச் சொல்லி. கைகூப்பிய படம் ஒன்றைப் போட்டு, "எல்லாம் நல்லதுக்குத்தானே தங்கச்சி" என்று பதில் போட்டான். யூடியூபுக்குப் புகார் செய்தேன். அந்த வீடியோவில் தப்பாக ஒன்றும் இல்லை என்று பதில் வந்தது. ஏதோ ஒரு மெஷின் பார்த்துச் சொல்லியிருக்கும். அதற்கு அழுகையும் தெரியாது, அரிசியும் தெரியாது.

தினமும் அதைப் பார்த்தேன். கமெண்ட்டுகளை மனப்பாடம் செய்தேன். 'பாவம்.' 'நீங்க தெய்வம் ப்ரோ.' 'அந்த அம்மாவோட கண்ணீரே சாட்சி.' பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்த எனக்கு ஒன்று தாமதமாகத்தான் உறைத்தது. நான் அவனைச் சபித்துக்கொண்டே பார்த்த ஒவ்வொரு தடவையும் அவனுக்கு ஒரு வியூ ஏறியிருக்கிறது. இந்தக் காலத்தில் ஒருவனை வெறுப்பதும் அவனுக்குத் தீனி போடுவதும் ஒரே பட்டனில் இருக்கிறது.

வகுப்பு முடித்து பசறை டவுனில் ஒரு ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தேன். கல்யாண வீடியோ, சடங்கு வீடியோ எடிட் செய்கிற வேலை. கல்யாணப் பெண்கள் பெரும்பாலும் பசியிலும் களைப்பிலும், மேக்கப் கலைந்த எரிச்சலிலும்தான் அழுவார்கள். அந்த அழுகையை எடுத்துத் தாலி கட்டுகிற இடத்தில் வைக்கச் சொல்லிக் கொடுத்தார் முதலாளி. வைத்தேன். பெண் வீட்டார் பார்த்துவிட்டு, "எவ்வளவு அருமையா எடுத்திருக்கீங்க" என்றார்கள். ஒரு அழுகையை இடம் மாற்ற நாலு செகண்ட் போதும் என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டேன்.

பிரதேச சபைத் தேர்தல் வந்தது. அவன் வேட்பாளர். எனக்கு ஆச்சரியமில்லை. எங்களிடம் ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் எல்லாக் காலத்திலும் எதையாவது தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். தகரம் கொண்டுவந்தார்கள், தண்ணீர்த் தொட்டி கொண்டுவந்தார்கள், வீடு கட்ட ஏழு பேர்ச் காணி தருவதாகப் பேப்பர் கொண்டுவந்தார்கள். வாங்கிக்கொண்டு நாங்கள் எங்கள் இஷ்டத்துக்குப் போட்டோம். இவன் மட்டும்தான் கொடுப்பதற்கு முன்னால் எங்களை ஏழையாக்கிவிட்டுக் கொடுத்தவன். போஸ்டரில் 'மலையக மக்களின் கண்ணீர் துடைத்தவர்' என்று போட்டிருந்தான். எங்கள் லயத்துச் சுவரிலேயே ஒட்டினார்கள்.

அவன் ஓட்டுக் கேட்டு வரப்போகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் லயத்துப் பெண்களிடம் ஒரே ஒரு விஷயம் கேட்டேன். எல்லாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவன் அந்த வீடியோ காலத்தில் இன்னும் இரண்டு வீடுகளிலும் இதே போர்வை வேலை பார்த்திருந்தான். அந்த எரிச்சல் அவர்களுக்கும் இருந்தது.

பத்து மணிக்கு அவன் போனை ஒரு கம்பில் மாட்டி லைவ் போட்டபடி வந்தான். லயத்து வாசல் முழுக்கச் சாமான். டிவிகள், ஷோகேஸ்கள், நாற்காலிகள், ஒரு வீட்டின் தையல் மெஷின், இன்னொரு வீட்டின் மகள் வாங்கிய பட்டச் சான்றிதழ் சட்டத்தோடு. கல்யாணத்துக்கு அடுக்கின மாதிரி அடுக்கியிருந்தோம்.

"இந்தத் தடவ நல்லாத் தெரியுதா தம்பி?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். "இல்ல, இன்னுங் கொஞ்சம் வெளிய இழுக்கணுமா?"

அவன் முகம் செத்துவிட்டது. கூட வந்தவன் அவசரமாக லைவை நிறுத்தினான். எனக்கு எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். நாலு வருஷப் பசிக்கு அன்றைக்குத்தான் சோறு.

அத்தோடு போயிருப்பான். அம்மா விடவில்லை.

"வந்தவங்க வெறும் வாயோட போகக் கூடாது. ஒக்காருங்க தம்பி."

ஷோகேஸைத் திறந்து தங்க விளிம்புக் கோப்பை ஒன்றை எடுத்தார். கழுவித் தேத்தண்ணி ஊற்றி, தட்டில் இரண்டு பிஸ்கட் வைத்துக் கொடுத்தார். நான் அதிர்ந்துபோனேன். அந்தக் கோப்பையில் முதன்முதலில் குடித்தவன் அவன். ஷோகேஸ் தட்டில் சாய்த்து வைத்திருந்த என் போன் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டிருந்தது.

அம்மா நாலு வருஷக் கணக்கைக் கேட்கப்போகிறார் என்று காத்திருந்தேன். அம்மா கேட்டது இதுதான்:

"அம்மா நல்லா இருக்காங்களா?"

"அம்மா போன மாசம் தவறிட்டாங்கம்மா." கோப்பையைக் கீழே வைத்தான். "நா வேற ஊர்ல வீடியோ எடுத்துக்கிட்டு இருந்தேன். போன் சைலண்ட்ல இருந்துச்சு."

அழுதான். வேட்பாளர், யூடியூபர் எல்லாம் போய், மூக்கு ஒழுக அழுதான். அம்மா அவன் தலையில் கை வைத்தார்.

நான் மறுநாள் ஸ்டூடியோவில் உட்கார்ந்து கேள்வியை வெட்டினேன். பதிலை வெட்டினேன். அவன் அம்மாவை வெட்டினேன். அம்மா பிஸ்கட் தட்டை நீட்டுகிறார், அவன் ஒன்றை எடுக்கிறான், அழுகிறான். பின்னால் அவனுடைய அதே புல்லாங்குழல். 'தோட்டத்து மக்கள் கொடுத்த பிஸ்கட்டுக்குக் கண்ணீர் விட்ட வேட்பாளர்' என்று தலைப்பு வைத்து நானும் யூடியூபில் போட்டேன். எதிராளிகள் அதை எடுத்துப் பறக்கவிட்டார்கள். லுணுகலை, வெலிமடை எங்கும் அவனுக்கு 'பிஸ்கட்' என்று பெயர் விழுந்தது. தேர்தலில் தோற்றான். என்னால்தான் தோற்றான் என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை, ஆசை இருக்கிறது.

தோற்ற மறுநாள் எனக்குப் போன் செய்தான்.

"தங்கச்சி, அத எடுத்துருங்க. நா எங்கம்மாவுக்கு அழுதேன். ஒங்களுக்குத் தெரியும்."

"எங்கம்மா எதுக்கு அழுதாங்க?"

"தங்கச்சி..." என்று மட்டும் இழுத்தான்.

"நீங்க மொதல்ல எடுங்க," என்றேன். "பிறகு நா எடுக்குறேன்."

அரை மணி நேரத்தில் அம்மாவின் வீடியோ அவன் சானலில் இல்லை. நாலு வருஷம் நான் கெஞ்சியும் போகாதது. அன்றைக்கு அம்மாவிடம் சொன்னேன். அம்மா சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

"அந்தப் புள்ளயோடத நீ எடுத்துட்டியா?"

"எடுத்துர்றேன்."

"அவுங்க அம்மாவுக்குத்தான் அழுதிச்சு. நாந்தான் பக்கத்துல நின்னேன்."

"ஒங்களுக்கு அவன் செஞ்சதத்தானேம்மா நா செஞ்சேன்?"

"ஆமா," என்றார் அம்மா. "அதனாலதான் சொல்றேன்."

எடுக்கவில்லை. அவன் பிறகும் மூன்று தடவை அழைத்தான், நான் போனை எடுக்கவில்லை. இப்போது அழைப்பதை நிறுத்திவிட்டான். கை பட்டனுக்குப் போகும், பிறகு அப்பாவின் படத்தை நகர்த்தி வைத்தது ஞாபகம் வரும், கை திரும்பிவிடும். கமெண்ட்டுகளைப் படிப்பேன். எல்லாம் சிரிப்பு. யாரோ ஒருவர் மட்டும் 'பாவம்' என்று எழுதியிருக்கிறார். தினமும் பார்க்கிறேன். இப்போது வியூ எனக்கு ஏறுகிறது.

போன வாரம் அப்பாவின் திதி. படையல் முடிந்து எல்லாரும் போன பிறகு அம்மா கேட்டார்.

"எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேம்மா."

அம்மாவிடமும் போன் இருக்கிறது. பார்க்கத் தெரியும். எழுந்து போனார். ஷோகேஸ் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. தங்க விளிம்புக் கோப்பையில் தேத்தண்ணியும், தட்டில் இரண்டு பிஸ்கட்டும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"ஒக்காருங்க," என்றார். அம்மா என்னை அதுவரை 'நீ' என்றுதான் சொல்லியிருக்கிறார்.