போட்டோவுக்கு மட்டும் கிடைத்த போன்

இன்று நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் அம்மாவின் போனில் எழுதுகிறேன்.

திருடுபோன என் போன் கிடைத்துவிட்டதாம். போலீஸ் பிரஸ் மீட்டில் தருவதாகக் கூப்பிட்டார்கள். என் அப்பா, நைனா, குவைத் போன நாளிலிருந்து எனக்குப் பேசி அனுப்பியதெல்லாம் அதில்தான் இருக்கிறது. அம்மாவுக்கு லீவு இல்லை. காளஹஸ்தியில் தனியாகவே பஸ் ஏறினேன்.

போலீஸ் ஆபீஸ் ஹாலில் டிவிக்காரர்கள் முன்னால் பெரிய ஆபீசர் போனை என் கையில் வைத்தார்.

“நவ்வும்மா, நவ்வு!” என்று சிரிக்கச் சொன்னார் போட்டோக்காரர். நிஜமாகவே சிரித்தேன்.

கேமராக்கள் கிளம்பியதும் கான்ஸ்டபிள் கை நீட்டினார்.

“குடும்மா. கோர்ட்டு ஆர்டர் வந்தாதான் உனுக்கு.”

“ஒரே ஒரு தபா நைனா பேசுனத கேட்டுக்கினு குடுத்துர்றேண்ணா.”

“அதுல சார்ஜே இல்லம்மா.”

நாளைக்குப் பேப்பரில் என் சிரிப்பைப் பார்த்து வாழ்த்தப்போகிறவர்களே, உங்களுக்கு நான் என்ன பதில் போடட்டும்?

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நான் படியிறங்குவதற்குள் ஹாலில் விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.