பழப்புளியில் மினுக்கிய கோதுகள்

கல் மினுக்கும் மெசினை நான் வாங்கியது கல்லில் ஆசை வைத்து அல்ல. அதன் சத்தத்துக்காக. சொன்னால் சிரிப்பார்கள் என்று இதுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை.

மகளுக்கு ரொறன்ரோவில் பல்கலைக்கழகம் கிடைத்தபோது அவளுக்குச் சமைத்துக் கொடுக்க மனைவியும் கூடப் போனாள். "ஒரு வருசம்தானேப்பா, கண்ணை மூடித் திறக்க ஓடிடும்" என்றாள். நானும் கண்ணை மூடித் திறந்தேன். மகளுக்கு அங்கேயே வேலை கிடைத்துவிட்டது. மனைவியின் அக்காமார் அங்கே, அவளுடைய முழங்கால் வைத்தியர் அங்கே, கோயிலும் அங்கே. எனக்கு மட்டும் வேலை இங்கே, பிரெஞ்சு பேசுகிற இந்த நகரத்தில், சென்ட் லோரன்டில் ஒரு பண்டகசாலையில். ஓய்வூதியம் முழுதாகக் கிடைக்க இன்னும் கொஞ்சக் காலம் இழுக்க வேண்டும். இதில் யாரிலும் பிழை இல்லை. பிழை இல்லாததால் யாரோடும் சண்டை பிடிக்கவும் முடியவில்லை, அதுதான் எரிச்சல்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் இருக்கப் பிடிக்காமல் பஸ் ஏறி, அது போய் முடிகிற இடம்வரை போவேன். அப்படித்தான் ஒருநாள் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் இறங்கி நடந்தபோது, ஒரு வீட்டு முற்றத்தில் பழைய சாமான் விற்றுக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் அந்த மெசினைப் போட்டுக் காட்டினாள். இரண்டு ரப்பர் உருளைகள், அடியில் மோட்டார், அவ்வளவுதான். உருளைக்குள் கல்லும் தண்ணீரும் அரைக்கும் தூளும் போட்டு மூடிவிட்டால் அது பாட்டுக்குச் சுற்றும். கடகடவென்று ஒரு சத்தம் வந்தது. அடுத்த அறையில் யாரோ சட்டிபானை கழுவுவதுபோல இருந்தது. விலை கேட்காமலே பணத்தை எடுத்தேன்.

ஒரு கல் மினுங்குவதற்கு ஒரு மாதம் செல்லும். முதலில் பருக்கைத் தூள், பிறகு நைசான தூள், பிறகு அதைவிட நைசு, கடைசியில் மெருகுத் தூள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம், இரவு பகல் நிற்காமல். பொறுமை வேண்டும் என்று பெட்டியில் எழுதியிருந்தது. என்னிடம் மூட்டை மூட்டையாகக் கிடந்தது அதுதான்.

மனைவி ரெலிபோன் எடுக்கும்போதெல்லாம் கேட்பாள்.

"அதென்னப்பா பின்னாலை சத்தம்?"

"உடுப்புத் தோய்க்கிற மெசின்."

"எப்ப எடுத்தாலும் தோய்க்கிறியள். ஒராளுக்கு அவ்வளவு உடுப்போ?"

"ஓம்" என்று விடுவேன். அவளும் விட்டுவிடுவாள். தோண்டிக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ.

முதல் தொகுதிக் கற்கள் நன்றாக வந்தன. ஆற்றங்கரையில் சாம்பல் நிறத்தில் கிடந்தவை, உள்ளே சிவப்பும் பச்சையுமாக வரி வைத்திருந்தன. இரண்டு மூன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவேன். மத்தியானம் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பார்ப்பேன்.

எங்கள் பண்டகசாலையில் பாரந்தூக்கி வண்டி ஓட்டும் பிரெஞ்சுக்காரன் ஒருவன் இருக்கிறான். என் வயதுதான். பல வருடங்களாக "பொன்ஜூர்" சொல்லியிருக்கிறோம், அதற்குமேல் இல்லை. ஒருநாள் தன் சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் இருந்தான். கல்லைப் பற்றிக் கேட்டான். மெசினைப் பற்றிச் சொன்னேன். அடுத்த நாளும் வந்தான். அவன் பேசியது பாதி பிரெஞ்சு, பாதி ஆங்கிலம். எனக்கு விளங்கிய தமிழில் எழுதுகிறேன்.

"என்னட்டை வேட்டைத் துவக்கு ஒண்டு இருக்கு. சுட்ட கோதுகள் கறுத்துப்போய்க் கிடக்கு. உன்ரை மெசினிலை மினுக்கலாமோ?"

எனக்குத் திக்கென்றது. துவக்கைச் சுட்டுச் சன்னம் பறந்துபோனபின் மிஞ்சுகிற பித்தளைக் கோதைத்தான் சொல்கிறான். அதைக் கழுவி, மறுபடி வெடிமருந்தும் சன்னமும் வைத்துச் சுடுவார்களாம். எங்கள் ஊரில் இராணுவச் சுற்றிவளைப்பு நடந்த காலத்தில் அம்மா விடிய எழும்பியதும் முற்றத்தைக் கூட்டுவது குப்பைக்காக அல்ல. ஒரு கோது கிடந்து ஆமி கண்டால் வீட்டில் இருக்கிற ஆம்பிளைப் பிள்ளைதான் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளை நான். பித்தளை மினுங்குவதைக் கண்டால் இப்போதும் என் கண் முதலில் வாசலைத்தான் பார்க்கும்.

ஆனாலும் "ஓம், கொண்டு வா" என்றேன். அந்த வருடத்தில் என்னிடம் ஒரு உதவி என்று கேட்ட ஒரே ஆள் அவன்.

சனிக்கிழமை ஒரு கோப்பித் தகரம் நிறையக் கோதுகளோடு வீட்டுக்கு வந்தான். வெளியே யாரும் பார்க்காதபடி நான் திரைச்சீலையை இழுத்து மூடினேன். கல் அரைத்த உருளையில் பித்தளையைப் போடக் கூடாது, தூள் ஒட்டிவிடும். மற்ற உருளையில் கோதுகளைப் போட்டு, அவன் கொண்டு வந்த சின்னச் சின்ன உருக்குத் துண்டுகளைக் கொட்டி, சவர்க்காரத் தண்ணீர் விட்டுச் சுற்றவிட்டோம். அழுக்குப் போனது, மினுக்கம் வரவில்லை. குத்துவிளக்கு மினுக்குகிற சாமான் வீட்டில் இருக்கும்போது நான் ஏன் யோசிக்க வேண்டும்? குசினிக்குள் போய்ப் பழப்புளி கரைத்துக்கொண்டு வந்து ஊற்றினேன். இரண்டு தேத்தண்ணி குடித்து முடிய, கோதுகள் பொன்னாக வெளியே வந்தன. அவன் ஒன்றைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து விசிலடித்தான். புளியை நக்கிப் பார்த்து முகத்தைச் சுளித்தான். நான் வாய்விட்டுச் சிரித்தேன். அந்த வீட்டில் என் சிரிப்பைக் கேட்டு எனக்கே புதினமாக இருந்தது.

பிறகு சனிக்கிழமை தோறும் ஒரு தகரம் கொண்டு வந்தான். வடக்கே உள்ள ஏரிகளைப் பற்றிக் கதைப்பான். மிக்சரில் கடலையை மட்டும் பொறுக்கித் தின்பான். கோது மினுங்கியதும் எடுத்துக்கொண்டு எழும்பிவிடுவான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கல்லென்றால் ஒரு மாதம் சாட்டுச் சொல்லலாம். பித்தளை இரண்டு தேத்தண்ணியோடு முடிந்துவிடுகிறது. ஒரு வாரம் அவன் தகரம் கொண்டு வராமல் விட்டால் என்ன செய்வேன் என்று யோசிக்கத் தொடங்கினேன். அந்த மனிதன் சனிக்கிழமை என் கதவைத் தட்ட வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவும் அதுதான்.

அதனால் ஒருநாள் "இந்த முறை நல்லாக் கறுத்துப்போச்சு, அடுத்த சனி வந்து எடு" என்றேன். அவன் போன பிறகும் மெசின் சுற்றியது. அடுத்த சனியும் "இன்னும் கொஞ்சம் கிடக்கு" என்றேன். புளியைப் புதிதாகக் கரைத்து ஊற்றினேன். அவன் தலையை ஆட்டிவிட்டு இருந்து தேத்தண்ணி குடித்தான். நான் கெட்டிக்காரன் என்று நினைத்தேன்.

மூன்றாவது சனி காலை, அவன் வர முதல் உருளையைத் திறந்தேன். கோதுகள் பொன்னாக இல்லை. இளஞ்சிவப்பாக, செப்புக் காசு நிறத்தில் கிடந்தன. இன்ரநெற்றில் தேடிப் பார்த்தேன். புளிப்பில் நெடுக ஊறினால் பித்தளையில் செம்போடு கலந்திருக்கும் துத்தநாகம் கரைந்துபோகும், பிறகு கோது பலம் கெட்டுவிடும், அதை வைத்துச் சுட்டால் வெடித்துப் பிளக்கவும் கூடும் என்று எழுதியிருந்தார்கள். துவக்கைக் கன்னத்தோடு வைத்துத்தான் சுடுவான். கோதுகளைக் கழுவித் தகரத்தில் கொட்டினேன். மறைப்பது என்ற கதைக்கே இடமில்லை. ஆனால் சொன்னால் அவன் இனி இந்தப் பக்கம் வரமாட்டான் என்றும் தெரிந்தது.

வந்தான். கோட்டைக் கழற்ற முதலே தகரத்தை அவன் முன்னால் வைத்தேன்.

"பழுதாக்கிப்போட்டன். இதிலை ஒண்டையும் சுடாதை. முகத்திலை வெடிக்கும்."

அவன் ஒன்றை எடுத்துப் பார்த்தான். "ஏன் இவ்வளவு நாள் விட்டனி?"

பொய் சொல்ல என் பிரெஞ்சு போதாது. "நீ வாறதுக்கு" என்றேன்.

அவன் கதிரையை இழுத்து இருந்தான். கனநேரம் அந்தக் கோதை விரலில் உருட்டிக்கொண்டிருந்தான்.

"பயப்பிடாதை. ஒருத்தரும் சுடப் போறேல்லை. தோள்மூட்டு சரியில்லாமல் துவக்கை எப்பவோ வித்துப்போட்டன்."

"எப்ப?"

"இஞ்சை உன்னட்டை வர முதலே."

"அப்ப இந்தக் கோதெல்லாம்?"

"சுட்டுப் பழகிற இடத்திலை வாளி வாளியாக் கிடக்கும். பொறுக்கிக்கொண்டு வந்தனான். நீ மினுக்கித் தந்ததெல்லாம் காருக்குப் பின்னாலைதான் கிடக்கு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெட்கமா கோபமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. என்னைப் பார்த்தால் பாவம் பார்க்க வேண்டிய ஆள் மாதிரியா இருக்கிறது? அதைத்தான் கேட்டேன், கொஞ்சம் சத்தமாகவே.

அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அண்டைக்குச் சாப்பாட்டு மேசையிலை நீ கல்லுகளோடை கதைச்சுக்கொண்டிருந்தனி."

"நானோ?"

"ஓம். உன்ரை பாசையிலை. எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. ஆனா இடைக்கிடை நிப்பாட்டி, பதிலுக்குப் பாத்துக்கொண்டிருந்தனி."

தனிமையில் நான் படுகிற பாட்டை மனைவியிடம் மறைத்தேன், மகளிடம் மறைத்தேன், பண்டகசாலை முழுவதும் பார்த்திருக்கிறது. அவனைக் கேட்காமலே போய்த் தேத்தண்ணிக்குக் கேத்தலை வைத்தேன். இருவரும் குடித்தோம். அவன் மிக்சரைத் தொடவில்லை.

எழும்பும்போது தகரத்தைத் தூக்கினான். "வை, நான் எறியிறன்" என்றேன். பிறகு கதவடியில் நின்று, "அடுத்த சனி ஒண்டும் கொண்டு வராதை. வெறுங்கையோடை வா" என்றேன். இந்த நாட்டுக்கு வந்து இத்தனை வருடத்தில் ஒரு வேலையும் இல்லாமல் ஒருவரை வீட்டுக்கு வா என்று நான் கூப்பிட்டதில்லை. "பாப்பம்" என்றான். என் தோளில் ஒருமுறை தட்டிவிட்டுப் படியிறங்கினான்.

கீழ்க்கதவு சாத்துப்படும்வரை நின்றேன். "நல்ல மனுசன், என்ன?" என்றேன்.

பதில் வராததால் திரும்பிப் பார்த்தேன். காலையில் நிறுத்திய மெசின் இன்னும் சுற்றாமல் கிடந்தது.