மேல் தண்ணீர்

இன்று காலை நான் தங்கியிருக்கும் செங்கல் சூளைக்குப் பக்கத்து வயலில் யாரோ டீசல் மோட்டாரைக் கிளப்பினார்கள். புகை வந்ததும் டீயைக் கீழே வைத்துவிட்டேன். டீசல் வாசனை ஒருகாலத்தில் எனக்குப் பிடித்ததுதான். ஒன்பதாவதில் தோற்று ஊரைவிட்டு ஓடியபோது லாரியில் வழியெல்லாம் அதை மோந்துகொண்டுதான் போனேன். எந்த மோட்டாரையும் கிளப்பிவிடுவேன் என்பது ஒன்றுதான் என் படிப்பு. எதைக் கிளப்பக் கூடாது என்று யாரும் சொல்லித்தரவில்லை. ஒருத்தி சொன்னாள், அதையும் நான் கேட்கவில்லை.

சில கோடைகளுக்கு முன் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தோட்ட முகாம் நடந்தது. மெட்ராஸிலிருந்து ஒரு டீச்சரம்மா வந்து நடத்தினார். காலையில் செடி, மத்தியானம் சாம்பார் சாதம், அப்புறம் பாட்டு. பாதிப் பிள்ளைகள் சாதத்துக்காக வந்தார்கள். வேலை தேடி அங்கே போயிருந்த நானும் அந்தப் பாதியில்தான் சேர்த்தி. தண்ணீர் ஊற்றுகிறவன் என்று பெயர்.

கனகா மட்டும் செடிக்காக வந்தாள். எட்டாவது முடித்திருந்தாள். மேலே படிக்கப் பொன்னேரிக்குப் பஸ்ஸில் போக வேண்டும். அவள் அம்மாவுக்கு ஏரியில் இறங்கிக் கையால் இறால் பிடிக்கிற வேலை. லீவு முடிந்ததும் மகளையும் அதில் சேர்த்துக்கொள்வதாக இருந்தார். முதல் நாள் வந்து பாத்தி மண்ணைக் காலால் தள்ளிப் பார்த்தார்.

"இன்னாடி இது, உப்பு மண்ணுல கத்திரிக்காவா? காச்சுதுன்னா நீ போய்ப் படி, போ."

"மெய்யாலுமாம்மா?"

"அத்தினி பேர் முன்னாடிதானே சொல்றேன்."

விளையாட்டாகச் சொன்னதுதான். கனகா அதைப் பிடித்துக்கொண்டாள்.

குப்பத்துக்குத் தண்ணீர் மணலில் தோண்டிய ஒரே ஊற்றிலிருந்துதான். மழைத் தண்ணீர் அங்கே உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிசாக நிற்கும். கலக்காமல் கொட்டாங்குச்சியால் மேலாக வழித்து வழித்துக் குடத்தை நிரப்ப வேண்டும். நான் அவசரப்பட்டுக் கொஞ்சம் ஆழமாக முக்கினால், "எப்பா, அடியில இன்னா புதையலா கீது?" என்று பின்னால் குடத்தோடு நிற்கும் பெண்கள் குரல் கொடுப்பார்கள். கனகா வழித்தால் சத்தமே கேட்காது. அவள் செடி பூத்தது. விரல் நுனி அளவுக்கு ஒரு பிஞ்சும் வைத்தது.

முகாம் முடிய ஒரு வாரம் இருந்தது. வெயில் ஏறியது, எனக்கு முதுகு விட்டுப்போனது. டீச்சரம்மா ஊருக்குப் போயிருந்த அன்று, தெரிந்தவரிடம் ஒரு டீசல் மோட்டாரை இரவல் வாங்கி வந்து ஊற்றில் குழாயை இறக்கினேன்.

"வேணாண்ணா, ஊத்து கெட்டுப்பூடும்" என்றாள் கனகா.

"நீ சும்மா இரு. மோட்டாரப் பத்தி எனக்குச் சொல்றியா?"

ஒரே இழுப்பில் கிளம்பியது. பிள்ளைகள் கைதட்டினார்கள். பாத்தியெல்லாம் தண்ணீர் நின்றது. கனகா ஒரு கை அள்ளி வாயில் வைத்தாள். துப்பினாள்.

"கரிக்குதுண்ணா."

அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை.

நாலே நாளில் இலைகள் ஓரம் கருகி உதிர்ந்தன. பிஞ்சும் உதிர்ந்தது. ஊற்றில் உப்புதான் ஊறியது; மழை வரும்வரை அப்படித்தான் என்றார்கள். பெண்கள் அடுத்த குப்பத்துக்குக் குடம் தூக்கினார்கள். கனகாவின் அம்மா குடத்தோடு போகிற வழியில் என்னைப் பார்த்து நின்றார்.

"பஸ் பாஸு எங்க குடுப்பாங்கன்னு கேட்டுகூட வச்சிருந்தேம்ப்பா. இனிமே தண்ணிக்கே அரை நாள் பூடும். ரெண்டு பேர் ஏரியில எறங்கினாதான் ஆவும்."

குரலில் கோபம் இல்லை. கணக்கைச் சொன்னார், போய்விட்டார்.

அடுத்த கோடையில் முகாம் வரவில்லை. நானும் வேறு வேறு ஊர்களுக்குப் போய்விட்டேன். போன வருஷம் ஒரு வேலையாகப் படகில் அந்தப் பக்கம் போனேன். ஊற்று மணல் மூடிக் கிடந்தது. பாத்தி இருந்த இடத்தில் வலை காய்ந்தது. கொஞ்ச தூரத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் கனகா குனிந்திருந்தாள். இரண்டு கையும் சேற்றைத் துழாவ வேண்டும் என்பதால், இறால் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்திருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். என்னை அடையாளம் கண்டுகொண்டது அவள் கண்ணில் தெரிந்தது. வாயைத் திறந்தால் பறி விழுந்துவிடும். திரும்பவும் குனிந்துகொண்டாள்.